வக்கீல் ஃபீஸ் கட்ட வசதியில்லை: சென்னையில் இலவச சட்ட உதவி கிடைக்குமா, நம்பலாமா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். உங்கள் அக்கா வியாசர்பாடியில் இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். நாலைந்து வீடுகளில் வேலை செய்து குடும்பம் நடத்துகிறார். ஆட்டோ ஓட்டும் கணவர் பிரிந்து போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளைகளுக்குக்கூடப் பணம் தருவதில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில் சம்மன் வந்துவிட்டது. நீங்கள் போய்ப் பார்த்த வக்கீல் இரண்டுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். இலவச சட்ட உதவி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, உங்கள் சம்பளத்தையும் சேர்த்தால் வருமானம் கூடிவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: "காசு வாங்காத வக்கீல் கேஸை ஒழுங்கா நடத்துவாரா?" எனக்குத் தெரிந்து உங்கள் மனதை அரிக்கும் கேள்வி இதுதான். அதற்கும் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் சம்மனைக் கையில் எடுங்கள்.

சம்மனில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி. இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்பதற்காக அந்தத் தேதி தள்ளிப்போகாது. எந்தக் காலக்கெடுவும் உங்களுக்காக நிற்காது. ஏழைக் குடும்பங்கள் வழக்கை இழப்பது பெரும்பாலும் வாதம் தோற்று அல்ல, யாருமே ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி (எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு வரும் தீர்ப்பு) ஆகித்தான். வக்கீல் கிடைக்கவில்லை என்றாலும் உங்கள் அக்கா அன்றைக்கு நேரில் போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, "சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், வாய்தா வேண்டும்" என்று சொல்லலாம். மனு கொடுத்ததற்கான ரசீதோ முத்திரை போட்ட நகலோ கையில் இருந்தால் போதும், பெரும்பாலான நீதிபதிகள் அவகாசம் தருவார்கள். வழக்கு எண்ணுக்கு முன் ஓ.எஸ். என்று இருந்தால் அது சாதாரண சிவில் வழக்கு. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (பதில் மனு) தாக்கல் செய்ய வேண்டும், காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக் கேட்கலாம். ஆர்.எல்.டி.ஓ.பி. என்று இருந்தால் அது வாடகை நீதிமன்ற மனு, இன்னும் வேகமாக ஓடும். ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்ட சிவில் வழக்கு என்றால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம்.

இப்போது தகுதி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவின்படி, பெண் என்றால் வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், கொத்தடிமையாகவோ கடத்தலுக்கோ ஆளானவர்கள், வெள்ளம், சாதிக் கலவரம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். வருமான வரம்பு என்பது இந்த வகைகளில் எதிலும் வராதவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3,00,000 ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5,00,000. ஆகவே உங்கள் சம்பளத்தைக் கூட்டிக் கழித்துக் கவலைப்பட வேண்டாம். வழக்கில் கட்சிக்காரர் உங்கள் அக்கா, தகுதி அவருடையது. வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்து வழக்கும் உங்கள் மேல்தான் என்றால் மட்டும் உங்கள் தகுதியைப் பார்ப்பார்கள். அப்போதும் வருமானம் பற்றி நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமான சான்றாக எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அது பொய் என்று பின்னால் தெரிந்தால் உதவியை நிறுத்துவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே போவது? மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு மூன்றுமே பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கின்றன. மாநில ஆணைக்குழு வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம். மூன்றின் பெயரும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குப் போக வேண்டியவர்கள் இன்னொன்றில் போய் நிற்பது வழக்கம். சிட்டி சிவில், குடும்பநல, ஸ்மால் காஸ் (சென்னையில் வாடகை வழக்குகள் நடக்கும் இடம்), மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்குகளுக்கு மாவட்ட ஆணைக்குழு. உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு நடவடிக்கையை எதிர்க்கும் மனு) போட வேண்டும், மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றால் உயர் நீதிமன்றக் குழு. இதைப் படிக்கும் புறநகர்வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாம்பரம், பல்லாவரம் பக்கம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். வீட்டு முகவரியில் சென்னை என்று எழுதுகிறோம் என்பதற்காக பாரிமுனைக்கு வந்து ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். சம்மனில் எந்த நீதிமன்றம் என்று இருக்கிறதோ, அந்த நீதிமன்ற வளாகத்திலேயே சட்ட உதவி மையம் எங்கே என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன் 15100 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. தேசிய ஆணைக்குழுவின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் சம்மன் தேதி நெருங்கியிருக்கும்போது நேரில் போவதையே நான் சொல்வேன்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, சம்மனும் அதோடு வந்த மனு நகலும் முழுசாக, வாடகை கொடுத்ததற்கான எது இருந்தாலும் அது, திருமணத்துக்கான ஆதாரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றிலும் இரண்டு நகல். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பெண் என்பதால் வருமானச் சான்று தேவையில்லை. வருமான வரம்பில் வருபவர்கள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி தாசில்தாரிடமிருந்து அதை வாங்கிவைக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். வீட்டு வழக்குக்கும் ஜீவனாம்சத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் கொடுங்கள். ஒரே தாளில் இரண்டையும் எழுதினால் ஒன்று காணாமல் போகும். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சம்மன் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணம் கேட்டு, அந்த ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் ஃபீஸ், சம்மன் பேட்டா, டைப்பிங், சான்றிட்ட நகல் செலவு எல்லாமே இந்த உதவிக்குள் அடக்கம்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பட்டியல் வக்கீல்கள், அதாவது ஆணைக்குழு தன் பட்டியலிலிருந்து வழக்குக்கு நியமிக்கும் வக்கீல்கள், பயிற்சிக்கு வந்த கற்றுக்குட்டிகள் அல்லர். குறைந்தது மூன்று வருட அனுபவம் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவர்களில் பலர் வெளியில் ஃபீஸ் வாங்கி நடத்தும் வழக்குகளும் வைத்திருப்பவர்கள். அதே சமயம் உண்மையை மறைத்தும் பயனில்லை: ஆணைக்குழு தரும் மதிப்பூதியம் வெளிச்சந்தை ஃபீஸில் ஒரு சிறு பங்குதான். அதனால் எல்லோரும் ஒரே அக்கறை காட்டுவார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. சிலர் உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள், சிலர் வாய்தா வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபீஸ் வாங்கும் வக்கீல்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே புகார் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி. வழக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு உண்டு. வக்கீல் மூன்று வாய்தாவாக வரவில்லை, போனை எடுப்பதில்லை, எதிருரை தாக்கல் ஆகவில்லை என்றால் தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். "சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் நகராது. எந்தத் தேதியில் என்ன நடக்கவில்லை என்று எழுதினால் நகரும்.

பட்டியல் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "செலவுக்கு", "ஆபீஸ் பையனுக்கு", "கட்டு எடுக்க" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது விதிமீறல். கொடுத்துவிட்டால் அடுத்த வாய்தாவுக்கும் கேட்பார்கள். வளாகத்து வாசலில் நின்று "இலவச வக்கீல் நான் ஏற்பாடு பண்றேன்" என்று சொல்பவர்களிடம் பேச்சே வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்திடும்போது வழக்கு எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கை நீங்களே கண்காணிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளக் குறியீடு உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். உங்கள் அக்காவுக்குச் செயலி பழக்கமில்லை என்றால் இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். கட்சிக்காரருக்கே அடுத்த தேதி தெரிந்திருக்கிறது என்றால் எந்த வக்கீலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஜீவனாம்சம் பற்றி. சென்னையில் இது குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும், அதுவும் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 என்று சொன்னது, 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பவர்களைக் கண்டு குழம்ப வேண்டாம், உரிமை அதேதான். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுத் தனி மனு போடச் சொல்லுங்கள். கணவருக்கு நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் முடிந்தவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்தியது போன்றவை இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். அதற்கு வக்கீல்கூடக் கட்டாயமில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவரே அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அவசரம் என்றால் 181.

இந்த வழக்குகள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்றால் கணவருக்கு நோட்டீஸ் சேருவதில். "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தால் மூன்று நான்கு மாதம் அப்படியே போய்விடும். ஆகவே இப்போதே அவர் தங்கும் இடம், அவருடைய அம்மா வீட்டு முகவரி, எந்த ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி போடுகிறார், வண்டி எண், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அடுத்தது வருமானம். "எனக்கு நாளைக்கு 300 ரூபாய்தான் மிஞ்சுகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றி உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது, மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. ஆட்டோ சொந்த வண்டியா வாடகை வண்டியா, கால் டாக்சி செயலியில் ஓட்டுகிறாரா, வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு கட்டுகிறார் என்று தெரிந்தால் அதெல்லாம் எடுபடும். மாதம் 6,000 தவணை கட்டுபவர் மாதம் 9,000தான் சம்பாதிக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். உங்கள் அக்காவும் தன் சம்பாத்தியத்தை மறைக்கக் கூடாது. வீட்டு வேலை செய்கிறார் என்பதற்காக உரிமை போய்விடாது. பொய் சொன்னால்தான் போகும். எவ்வளவு தொகை கிடைக்கும் என்று கேட்டால், அதை நேர்மையான எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உத்தரவு வந்த பிறகும் அவர் கட்டாவிட்டால், பணம் பாக்கியான ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். அதைத் தவறவிட்டுப் பழைய பாக்கியை இழந்த பெண்கள் நிறையப் பேர்.

வீட்டு வழக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை, அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க முடியும். வியாசர்பாடி போன்ற இடங்களில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். அதனால் வக்கீலிடம் "ஜெயிப்போமா" என்று கேட்பதைவிட, "எத்தனை மாதம் அவகாசம் வாங்கலாம், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேட்பது நியாயமான வேண்டுகோள். வழக்கு நடக்கும்போது ஒரு மாத வாடகைகூடப் பாக்கி வைக்காதீர்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் வங்கிக் கணக்குக்கோ அஞ்சலிலோ அனுப்பி ஆதாரம் வையுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ்காரரோ ஏரியா பெரிய மனிதரோ வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது இதே சட்டத்தில் தடை செய்யப்பட்டது. அப்படி நடந்தால் அன்றைக்கே படம் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல வழிதான், கட்டணமில்லை, வருமானத் தகுதியும் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே கையெழுத்தான உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. வீட்டு வழக்குக்கு இது பொருத்தம்: இத்தனாம் தேதி காலி செய்கிறேன், அன்றைக்கே அட்வான்ஸ் முழுவதும் தர வேண்டும் என்று எழுதிவிடலாம். ஜீவனாம்சத்தில் நிதானம் வேண்டும். "ஒரே தொகையாக ஒரு லட்சம் வாங்கிக்கொள், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடு" என்று வரும் பேச்சில், பிள்ளைகளின் பங்கு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் பத்து வருடச் செலவு இருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லி, புரியாத வரிக்கு விளக்கம் கேட்டு, தேவைப்பட்டால் அடுத்த அமர்வுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவசரப்படுத்தும் எவருக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல.

இலவச உதவிக்கான வருமான வரம்புகளுக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்கீலிடம் மொத்த ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு தவணையாகக் கொடுங்கள். விபத்து வழக்கில் "வரும் பணத்தில் முப்பது சதவீதம்" என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை. ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பொருள், சேவை தொடர்பான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, நீங்களே வாதாடலாம். வீட்டில் யாரையாவது கைது செய்துவிட்டால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே "வக்கீல் இல்லை, அரசு செலவில் வேண்டும்" என்று கேட்கச் சொல்லுங்கள். புழல் சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் உண்டு.

நீங்கள் கூடப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் விண்ணப்பத்திலும் வக்காலத்திலும் கையெழுத்து அக்காவுடையது, அதிகாரியிடம் பேச வேண்டியவரும் அவர்தான். வேலை செய்யும் வீடுகளில் மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லி வைக்கட்டும். ஸ்மால் காஸ், குடும்பநல நீதிமன்றம் இரண்டும் ஒரே வளாகம் என்பதால், இரு வழக்குகளின் வாய்தாவையும் ஒரே நாளில் கேட்க முடியுமா என்று இரண்டு வக்கீல்களிடமும் கேளுங்கள். எல்லா முறையும் நடக்காது. நடக்கும் மாதத்தில் ஒரு நாள் கூலி மிஞ்சும்.